கூப்பிட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்

ஷ்வேப்யிதா,
ரங்கூன்.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், தன்லியினில் உன் அக்கா பூர்ணாவும் அவள் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகம். உன் சுகத்தை மட்டும் அங்கே இருக்கிற உன் கூட்டாளி உதயசூரியன் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்டு நாளாகிவிட்டது. கால் எப்படி இருக்கிறது, உள்ளே வைத்த தகடு உறுத்துகிறதா, ஊன்றி நடக்க விடுகிறார்களா, யார் சமைத்துப் போடுகிறார்கள், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் சொல்ல முடியாத விஷயம் ராசா, அதனால்தான். நம் தெருவில் போன் கடை வைத்திருக்கிற ஜுல்ஃபிகர் சாமான் எடுக்க பேங்காக் போகிறான், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான். பர்மியத்தில் எழுதினால் உனக்கு வாசிக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் வழியில் எவனாவது கவரைப் பிரித்தால் அவனுக்கும் சுலபமாகத்தானே இருக்கும். அதனால் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்புக்கு உன்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். புரியாத இடத்தில் உதயசூரியனை வாசிக்கச் சொல், எல்லாவற்றையும் படி, பாதியில் தூக்கி வைத்துவிடாதே.

வீட்டுச் செய்தி முதலில். அப்பாவுக்கு அதே தன்லியின் ரூட் பஸ்தான், டீசலுக்காக வரிசையில் நிற்கிற நேரம் ஓட்டுகிற நேரத்தைவிட அதிகம் என்று தினமும் வந்து புலம்புவார், மறுநாள் விடிந்ததும் லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கும் லைங் தாயாவில் அதே கார்மெண்ட் ஃபாக்டரி, அதே செக்கிங் மேஜை. இப்போது குளிர் தேசத்துக்குப் போகிற பஞ்சு வைத்த கோட்டுகள் வருகின்றன, இந்த வெயிலில் அதை மடியில் போட்டுக்கொண்டு நூல் பிரிந்திருக்கிறதா, பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். பூர்ணா மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பர்மியம்தான் வருகிறது, தமிழில் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் ஏதோ வேடிக்கை காட்டுகிற மாதிரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கீழ்வீட்டு சத்யபாமா மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, வாய் மட்டும் குறையவில்லை. கரண்ட் முன்னைவிட மோசம், வருகிற நேரம் சொல்வார்கள், அந்த நேரத்துக்கு வராது, வராது என்று நினைத்திருக்கும்போது வந்துவிடும், தெருவே மீ லாபி, மீ லாபி என்று கத்தும், நான் ஓடிப்போய் மோட்டார் போடுவேன், தொட்டி பாதி நிறைவதற்குள் மறுபடி போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஆளே இல்லாத பொட்டல் வெளியில் தன்னந்தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து வருவதுதான் உன் வேலை என்று நீ சொன்னபோதே எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குடிக்க ஆளே இல்லாத இடத்தில் தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அப்புறம் கம்பெனி கொடுத்தது என்று ஓர் ஆரஞ்சு நிற மெஷினை வீடியோவில் காட்டினாய், சோப்புப் பெட்டி அளவுக்கு இருந்தது. இதுக்கு டவரும் வேணாம் சிம்மும் வேணாம்மா, இது நேரா சாட்டிலைட்டோட பேசும், நான் போற வழியெல்லாம் மேப்ல புள்ளி புள்ளியா விழும், நீங்க வீட்ல இருந்தே பார்க்கலாம், இந்தப் பட்டனை அமுக்கினா நலம்னு உனக்கு மெசேஜ் வரும், மூடி போட்ட இந்தப் பட்டன் ஆபத்துக்கு, அதை அமுக்கினா உதவி பண்ற ஆபீஸுக்குப் போயிடும் என்றாய். நான் சரி சரி என்று தலையாட்டினேன். நம் வீட்டுக்கு எதிரிலேயே டவர் நிற்கிறது, இங்கிருந்து தன்லியினுக்குக் குழந்தை போட்டோ ஒன்று போகமாட்டேன் என்கிறது, டவரே இல்லாத வனாந்தரத்திலிருந்து நீ அமுக்குவது வானத்துக்குப் போய் ஷ்வேப்யிதாவுக்கு வந்துவிடுமாம், இதை எப்படி நம்புவது சொல். ஜுல்ஃபிகரிடம் கேட்டேன். அக்கா, தலைக்கு மேல வானம் தெரியணும், அவ்வளவுதான், கூரைக்கு உள்ளே இருந்தா பேசாது என்றான். அப்படியானால் மழை மேகம் வந்தால்? மரத்தடியில் படுத்துத் தூங்கினால்? அவனுக்கும் முழுக்கத் தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனாலும் கடைக்காரன் தெரியாது என்று சொல்வானா. ஆபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டாங்கம்மா, முதல் நம்பரா உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கேன் என்று நீ சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. ஆனால் மெசேஜ்தான் வரும் என்று நினைத்தேன். மனுஷர்கள் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னாயா, சொல்லும்போது கரண்ட் போய் லைன் அறுந்துவிட்டதா, இல்லை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லையா, அதுவும் தெரியவில்லை.

புள்ளி பார்ப்பது அப்பாவுக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஜுல்ஃபிகர் போட்டுக் கொடுத்த வி.பி.என் சுற்றிச் சுற்றித் திறக்கும், மேப் வரும், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டி நல்லா போகுது, இங்க வளைவு, இங்க நிறுத்திட்டான், டீ குடிக்கிறான் என்று பஸ் ஓட்டுகிற கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருப்பார். அங்கே டீக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கோபம் வரும். வெளியே கிளம்புகிறவனை எங்கே போறே என்று கேட்கவே கூடாது, நீங்க அவன் போற வழியெல்லாம் கண்ணு வைக்கிறீங்களே, நல்லதா என்று சத்யபாமா மாமி ஒரு நாள் சொன்னாள், அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. இதற்கு நடுவில்தான் உன் புள்ளி ஒரு முறை ஒரே இடத்தில் நின்றுபோயிற்று. காலையில் பார்த்தாலும் அங்கே, சாயங்காலம் பார்த்தாலும் அங்கே. நான் அழுது, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, சாப்பிட்டாயா, ஏன் நிற்கிறாய், வண்டி கெட்டுவிட்டதா, யாராவது பிடித்துக்கொண்டார்களா என்று தமிழில் நீளமாக அடித்து அந்த மெஷினுக்கே அனுப்பினேன், அது துண்டு துண்டாகப் போய்க் கடைசித் துண்டு முதலில் வந்ததாம். யாராவது பிடித்துக்கொண்டார்களா என்பதை மட்டும் படித்துவிட்டு, அப்பாவைத்தான் யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நீ அங்கே பதறினாய். கடைசியில் பார்த்தால் நீ எங்கோ நூறு மைல் தாண்டிப் போயிருக்கிறாய், இங்கே எங்கள் போனில் அந்த மேப் பக்கம்தான் கரண்ட் போனதிலிருந்து அப்படியே நின்றிருக்கிறது. பக்கத்தை மூடித் திறங்கம்மா, அது பழைய புள்ளி என்று சிரித்தாயே, அன்றிலிருந்து நாங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். புள்ளி நின்றால் நின்றது நீ இல்லை, எங்கள் நெட் என்று.

இப்போது போனில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்த பிறகுதானே உன்னை அவசர அவசரமாக அனுப்பினோம். நீ போன பிறகு வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், வயசுப் பிள்ளைகள் யார் யார், எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். நான் மாவ்லமயின்ல, இல்ல, மாண்டலேல என்று உளறினேன். அப்பா குறுக்கே வந்து ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினார், மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் போனதும் அப்பா என்னைத் திட்டினார், அப்புறம் உட்கார்ந்து ஒரு பதில் தயார் பண்ணினார். அவன் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான், எங்கே இருக்கிறான் என்று தெரியாது, எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதுதான் பதில். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், நேரில் கேட்டாலும் போனில் கேட்டாலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்றார். என் நாக்கில் படிய வேண்டுமே. சத்யபாமா மாமி குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்காரருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வார்டு ஆபீஸர் மாதிரி வாசலில் நின்று பர்மியத்தில் அதட்டி அதட்டிக் கேட்பாள், நான் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு அழுகை வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா வாங்கப் போகிற வழியில்கூட அவள் திடீரென்று திரும்பி மகன் எங்கே என்று கேட்பாள், நான் நிற்காமல் சொல்லிவிடுவேன். திக்காமல் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா டூட்டிக்குப் போய்விட்டார், நான் வீட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே உன் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. மூடித் திறந்தேன், அப்படியேதான் இருந்தது, சரி, நெட் சரியில்லை என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டாயா, பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டு நம்பர் ஒன்று கூப்பிட்டது. பரிசு விழுந்தது, பார்சல் பிடிபட்டது என்று இப்படித் தினமும் எவனாவது கூப்பிடுகிறான், கட் பண்ணினேன். மறுபடி வந்தது, மறுபடி கட் பண்ணினேன். விடாமல் அடித்தது. எடுத்தால் ஓர் ஆம்பளை இங்கிலீஷில் என்னவோ சொன்னான், பிறகு ஒரு பெண் பர்மியத்தில் வந்தாள். டோ சித்ராதேவிங்களா, கோ ஸோ மின் ஊ உங்க பையனா, அவர் இப்ப எங்க போயிட்டு இருக்கார்னு தெரியுமா, கூட யாராவது இருக்காங்களா என்று டோ, கோ என மரியாதை போட்டுத் தேன் ஒழுகக் கேட்டாள். ஸோ மின் ஊ என்று உன்னை யார் கூப்பிடுகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிய பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர், வார்டு ஆபீஸ் பதிவில் இருக்கிற பெயர். வீட்டில் ஒரு நாளாவது அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறோமா? வார்டு ஆட்களும் இப்படித்தான் மரியாதையாக ஆரம்பித்தார்கள். வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வீட்டை விட்டுப் போயிட்டான், எங்க இருக்கான்னு தெரியாது, எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் விடவில்லை. அவர் ஆபத்துல இருக்கார்மா, உதவி கேட்டிருக்கார், நாங்க அனுப்புற மெசேஜுக்குப் பதில் வரல, தனியாப் போனாரா, என்ன வண்டி, உடம்புக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டாள். எந்த வார்டு ஆபீஸர் மருந்தைப் பற்றிக் கேட்பான், அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை ராசா. ஆபத்து என்று சொல்லித்தானே ஏமாற்றுகிறவர்களும் இடத்தைக் கேட்கிறார்கள் என்று தோன்றியது. வெள்ளை வண்டி என்று எனக்குத் தெரியும், போட்டோ போனிலேயே இருக்கிறது. தனியாகத்தான் போனாய் என்று தெரியும். சல்ஃபா மாத்திரை கொடுத்தால் உனக்கு முகமெல்லாம் வீங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள் ஒன்றும் தெரியாது, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அதோடு விட்டேனா, கீழே ஓடிப்போய் சத்யபாமா மாமியிடம், ஒரு வார்த்தை திக்கல மாமி என்று பீற்றிக்கொண்டேன். கெட்டிக்காரிடி என்று அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

அப்பா வந்து கேட்டுவிட்டு அவரும் நல்லா சொன்னே என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அதற்கப்புறம்தான் போனை எடுத்துத் திறந்தேன், உன் கூட்டாளி உதயசூரியன் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைத்திருந்தான். எடுத்ததும், அம்மா ஏன் அப்படிச் சொன்னீங்க என்றான். என்ன சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை. காய்ந்த ஆற்றுமணலில் உன் வண்டி சரிந்து கவிழ்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டது, மூடி போட்ட பட்டனை அமுக்கிவிட்டாய், அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதற்குப் பதில் அடிக்க உன்னால் முடியவில்லை, உடனே முதல் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த முதல் நம்பர் நான், நான் இப்படிச் சொன்னதும் மெஷின் யார் கையில் இருக்கிறது, இது நிஜமான ஆபத்துதானா என்று அவர்களுக்கே குழப்பமாகி, இரண்டாவது நம்பரான அவனைக் கூப்பிட்டார்கள், அவன் வேலையில் இருந்ததால் போனை எடுக்க நேரமாகிவிட்டது, அவன் சொன்ன பிறகுதான் ஹெலிகாப்டர் கிளம்பியது. அதுவரைக்கும் நீ வெயிலில் மணலில் கிடந்தாய். வண்டியில் தொங்கவிடாதே, சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் கட்டிக்கொள் என்று நான் நச்சரித்ததைக் கேட்டு அந்த மெஷினை இடுப்பில் கட்டியிருந்ததால்தான் உனக்குக் கை எட்டியது என்றும் சொன்னான், அதைக் கேட்டு ஆறுதல் படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? கடைசியில் ஒன்று சொன்னான். உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்தர், உன் குடும்பம் தொடர்பு இல்லை என்கிறார்களாமே, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உன்னிடம் கேட்டாராம், யாருக்கும் வேண்டாம் என்றாயாம். மூன்று வார்த்தை இல்லை, இரண்டே வார்த்தை. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மாமி படியேறி வந்துவிட்டாள்.

உதயசூரியனிடம் போனில் எதை விளக்குவது? வேற யாரோன்னு நினைச்சுட்டேன்பா என்று மட்டும் சொன்னேன், அவனுக்குப் புரிந்த மாதிரி இல்லை. பிள்ளையை ஒதுக்கிவிட்டோம், இனி அவன் செய்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பெற்றவர்களே பத்திரிகையில் போடுகிற ஊர் இது, நாங்களும் அப்படிக் கை கழுவிவிட்டோம் என்று நினைத்துவிட்டாயா? புத்திசாலிப் பையன், யோசிச்சா அவனே புரிஞ்சுக்குவான் என்று அப்பா சொல்கிறார். கால் நசுங்கிக் கிடக்கிறவன் யோசிக்கவா செய்வான் என்று நான் சண்டை பிடிக்கிறேன். அந்தப் பதிலைத் தயார் பண்ணியது அவர்தான் என்று அவருக்கும் உள்ளுக்குள் அரிக்கிறது, டீக்கடைப் பக்கம் போவதில்லை, வீட்டுக்கு வந்ததும் மேப்பைத் திறக்கிறார். மேப் திறக்கிறது, சிவப்பாக மண் தெரிகிறது, உன் புள்ளி இல்லை. மூடித் திறக்கிறார், இல்லை. ஜுல்ஃபிகரிடம் கொடுத்தோம், அவன் இரண்டு வி.பி.என் மாற்றிப் பார்த்தான். ஒண்ணு இங்க தடுத்திருக்கணும்க்கா, இல்லேன்னா மெஷின் அணைஞ்சிருக்கணும், இல்லேன்னா அவரே உங்களுக்குக் காட்டறதை நிறுத்தியிருக்கணும் என்றான். இதில் எது? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. நீ அடைத்தாயா, நெட் அடைத்ததா, ஆஸ்பத்திரியில் கூரைக்குக் கீழே இருப்பதால் வானம் தெரியாமல் போயிற்றா? போன் அடித்தால் எடுப்பதில்லை, அது கோபமா, வண்டி கவிழ்ந்தபோது போன் நொறுங்கிவிட்டதா? நான் யாரிடம் கேட்பேன்? கோபம் என்றால் கோபம் என்று திட்டிவிட்டுப் போ, அதையாவது கையில் பிடித்துக்கொள்வேன், இப்படி ஒன்றுமே தெரியாமல் மட்டும் வைக்காதே. போன வாரம் உதயசூரியன் வாய்தவறிச் சொன்னான், அந்த மெஷினில் முதல் நம்பரை நீ மாற்றிவிட்டாயாம், இப்போது உன் கம்பெனி மேஸ்திரி நம்பர் இருக்கிறதாம். அவர் நல்ல மனுஷராக இருக்கலாம், பக்கத்தில் இருக்கிறார், இங்கிலீஷ் தெரியும், கரண்ட் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் சல்ஃபா உனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியுமா?

நான் யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், அப்பாவும் சரி என்றார். என் நம்பரைத் திரும்பப் போடு. முதலில் போட வேண்டாம், மேஸ்திரிக்கு அடுத்தபடியாகவாவது போடு. கூடவே, அந்த ஆபீஸ்காரர்கள் என்னைக் கூப்பிட்டால் ஸோ மின் ஊ என்று கேட்க வேண்டாம் என்று எழுதிவை. அந்தப் பெயர் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், யாருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது, அந்தப் பெயரைக் கேட்டால் என் வாய் பழைய பதிலைத்தான் சொல்லும், வார்டு ஆட்களுக்காக இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நாங்கள் உன்னைத் தொட்டிலில் போட்டு மூன்று முறை காதில் சொன்ன பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல். அது எந்தப் பதிவிலும் இல்லை, எந்த ஆபீஸுக்கும் தெரியாது, அதைச் சொல்லிக் கேட்கிறவர்கள் உன்னிடமிருந்துதான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இங்கிலீஷ்காரன் எப்படிக் கடித்துக் குதறிச் சொன்னாலும் அந்தப் பெயர் எனக்குப் புரியும். போன் இப்போது அரிசி டின்னில் இல்லை, ஃபாக்டரி லாக்கரில் வைக்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மடியிலேயே வைத்திருக்கிறேன், பிளஸ் போட்டு வருகிற ஒரு நம்பரையும் கட் பண்ணுவதில்லை, பரிசு விழுந்தது என்கிறவனிடமெல்லாம் பொறுமையாகப் பேசுகிறேன்.

தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தொப்பி போடு, கால் முழுக்க ஆறாமல் மறுபடி வண்டி எடுக்காதே, தனியாக அனுப்பினால் மாட்டேன் என்று சொல். அந்த மெஷினை இடுப்பிலேயே கட்டு. அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், காலும் கையும் பழையபடி ஆகி, நல்ல வேலையும் நல்ல சோறுமாக நீ நூறு வயசு இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வாதம் செய்கிறோம். இதைப் படித்துவிட்டு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பேசாவிட்டாலும் பரவாயில்லை, என் நம்பரை மட்டும் போட்டுவிடு. தொட்டிலில் போட்டுச் சொன்ன அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதாதே என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
மகேந்திரனைப் பெற்ற அம்மா,
சித்ராதேவி சிவநாதன்.